ஓரத்தில் நிற்கும் சிகரம்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தவர்களுடைய நாவில் ‘மலை’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் சொல்லாத ஒரு பொருள் உண்டு. பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கு முடிந்து கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்படும் பெண், ‘மலைக்குப் போறேன்’ என்று சொன்னால் அவள் போவது தேயிலை நிரைகளுக்கே. ‘ஏழாம் நம்பர் மலை’ என்பது ஏக்கர்க் கணக்கோடு பேரேட்டிற் பதிந்த ஒரு கொழுந்துப் பரப்பேயன்றி, பூகோள நூலார் கருதும் கிரியன்று. ஆகவே உண்மையான மலையொன்றைக் குறிப்பிடவேண்டிய சந்தர்ப்பம் வரும்பொழுது அதனுடைய பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். தோட்ட ஊரான வட்டவளையில் அப்படிப் பெயர் சொல்லி அழைக்கப்படும் மலை ஒன்றுதான். அது ஊருக்குத் தெற்கே, பறவை செல்லும் வழியில் அளந்தால் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடிய தொலைவில், பெரும்பாலான நாட்களில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

சைவர் அதைச் சிவனொளிபாத மலை என்பர். தோட்டப் பேச்சில் அது சிவனடிபாதம். சிங்கள மக்களுக்கு ஸ்ரீ பாதம் என்றும் சமனல கந்த என்றும் இரு பெயர்கள். முஸ்லிம்களுக்குப் பாவாத மலை. ஆங்கிலேயர் வரைந்த படங்களில் ஆதாம் சிகரம். நான்கு சமயத்தார் ஒரே பாறைக்குழிவில் தத்தம் பெருமானின் அடிச்சுவட்டைக் கண்ட கதை பலராற் பலவாறு எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு இங்கே வேண்டியது அதற்கு முந்திய கேள்வி. இந்தத் தீவில் இத்தனை மலைகள் இருக்க, எல்லாருடைய கண்ணும் இம்மலையின்மீது விழுந்தது எதனால்?

உயரத்தினால் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பொய். இதன் உயரம் 2,243 மீட்டர். நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பிதுருதலாகலை 2,524 மீட்டர், ஹோர்டன் சமவெளியின் விளிம்பிலுள்ள கிரிகல்பொத்தை 2,388, தொட்டுபொலை 2,357. இவற்றுள் எதற்கும் யாத்திரை இல்லை, காவியம் இல்லை, கடலோடிகளின் நாட்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. பிதுருதலாகலைதான் தீவின் முடி என்பது அளவைக்காரர் வந்து சங்கிலி பிடித்துச் சொல்லும் வரைக்கும் ஒருவரும் பொருட்படுத்தாத செய்தி. ஏனெனில் நுவரெலியாவே ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்திலிருக்கும் மேட்டுநிலம். அங்கிருந்து பார்ப்பவனுக்குப் பிதுருதலாகலை ஊருக்குப் பின்னால் எழுந்த ஒரு பெரிய குன்று, அவ்வளவே. உயர்ந்தோர் கூட்டத்தின் நடுவில் நிற்கும் உயர்ந்தவனை யார் கவனிக்கிறார்கள்?

சிவனொளிபாதத்தின் விசேஷம் அது நிற்கும் இடம். இலங்கையின் மத்திய மலைப்பிரதேசத்துக்குத் தெற்கே ஒரு மாபெரும் மதில் இருக்கிறது. மேற்கே சிவனொளிபாதத்தில் தொடங்கி, கிரிகல்பொத்தை, ஹோர்டன் சமவெளி, ஹப்புத்தளை என நீண்டு, கிழக்கே பதுளைக்கு அருகில் நமுனுகுலையில் முடிகிறது. முனைக்கு முனை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். அந்த மதிலின் மேற்குக் கோடியில், இனி மலையில்லை என்ற இடத்தில், ஒரு மூலைக்கல்லைப்போல இந்தச் சிகரம் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் தென்மேற்கு அடிவாரத்தில் நிலம் படிப்படியாகவன்றித் திடுக்கெனச் சரிந்து, இரத்தினபுரித் தாழ்நிலத்தில் கடல்மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து நிமிர்ந்து பார்ப்பவனுக்கு மலையின் ஈராயிரம் மீட்டரும் மறைவின்றி ஒரே கோபுரமாகத் தோன்றும். மத்திய மாகாணத்தின் நுவரெலியா மாவட்டமும் சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டமும் இம்முடியிற் சந்திக்கின்றன.

இந்த ஓரத்து நிலையின் பலனை முதலில் அனுபவித்தவர்கள் கடலோடிகள். பூமி உருண்டையானது என்பதனால், உயரமான பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதை ஓர் எளிய பிரமாணத்தால் அறியலாம்: உயரத்தை மீட்டரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆற் பெருக்கினால், தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரிற் கிடைக்கும். 2,243இன் வர்க்கமூலம் 47க்குச் சற்று மேல். பெருக்கினால் 169 கிலோமீட்டர். வாயுமண்டலம் ஒளியைச் சிறிது வளைப்பதையும் சேர்த்துக்கொண்டால் 180ஐத் தாண்டும். சிகரத்திலிருந்து கொழும்புக் கரைக்கு நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டரளவே இருப்பதால், வானம் தெளிந்திருக்குமானால், கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் வெளியே வரும் மரக்கலத்திலுள்ளவன் தென்னைகளையும் மணற்கரையையும் காண்பதற்கு வெகு நேரம் முன்னரே, நீருக்கு மேலே இந்த முக்கோண முடியை மட்டும் தனியாகக் காண்பான். உள்நாட்டில் ஒதுங்கி, அருகருகே பல முடிகளோடு தோள்சேர்ந்து நிற்கும் பிதுருதலாகலை அவனுக்கு இத்தகைய அடையாளமாகாது.

1344ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து வந்த இபுனு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரீகர், இம்மலையைக் கடலிலிருந்து புகைத்தூண்போலக் கண்டதாக எழுதுகிறார். ஒன்பது நாட் பயணத் தூரத்திலிருந்தே கண்டதாக அவர் சொல்வதை நமது வர்க்கமூலம் ஒப்புக்கொள்ளாது. ஆயினும் புகைத்தூண் என்ற உவமையை மறுக்க முடியாது. அவர் கரையிறங்கியபோது அப்பகுதியில் ஆதிக்கம் செலுத்தியவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அம்மன்னன் விருந்தினருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும், உணவு சுமக்கும் ஆட்களையும் கொடுத்து அனுப்பினான். பாறையில் தொங்கவிட்டிருந்த இரும்புச் சங்கிலிகளையும், காலைக் கவ்வும் அட்டைகளையும், அவற்றை விலக்க எலுமிச்சஞ்சாறு பிழிந்ததையும் இபுனு பதூதா மறக்காமல் எழுதிவைத்தார். மழைக்காலத்தில் நமது நிரைகளில் நடந்தவர்கள் அந்த அட்டைப் பகுதியைப் படித்தால், இவர் உண்மையாகவே வந்தவர்தாம் என்பதற்கு வேறு சாட்சியம் கேட்கமாட்டார்கள். அவருக்கும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மணிமேகலை ஆசிரியர் இரத்தின தீவத்துச் சமந்தம் என்று இச்சிகரத்தைப் பாடியிருக்கிறார்.

ஓரத்து நிலையினால் விளைந்த மற்றொரு அற்புதம், விடியற்காலையில் விழும் நிழல். அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலேறிய யாத்திரீகர், கிழக்கே சூரியன் எழுந்ததும் கும்பிட்டுவிட்டு, உடனே மேற்குப் பக்கம் திரும்புவர். அங்கே தாழ்நிலத்து மூடுபனியின்மீது கூர்மையான முக்கோணமாக ஒரு கருநீல நிழல் கடலை நோக்கி நீண்டு கிடக்கும். சில வேளைகளில் படுத்திருந்த அந்நிழல் எழுந்து நிற்பதுபோலவும் தோன்றும். இதைக் கண்டு மயங்கியவர் பாமரர் மாத்திரமல்லர். 1876இல் ஆபே என்னும் ஆங்கிலப் பாதிரியார், மேலும் கீழுமுள்ள காற்றின் வெப்ப வேறுபாட்டினால் ஒளிக்கிரணங்கள் வளைந்து கானல்நீர்போல இத்தோற்றம் உண்டாகிறதென்று விளக்கினார். பத்தாண்டு கழித்து, 1886இல், ரால்ப் அபர்கிராம்பி என்னும் வானிலை ஆராய்ச்சியாளர் வெப்பமானியோடு சிகரத்தில் இரவு தங்கி, அத்தகைய வேறுபாடு அங்கில்லை என்பதை அளந்து காட்டி, நிழல் நிழல்தான் என்று முடிவுகட்டினார்.

அப்படியானால் நிழலின் முக்கோண வடிவம் எதனால் என்று கேட்கலாம். மலையின் வடிவம் கூம்பு, ஆகையால் நிழலும் கூம்பு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மேற்பரப்புத் தட்டையான மலையின் உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் இவ்வாறே கூர்ந்து தெரியும். சூரியகிரணங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வருவதனால், மலைக்கு அப்பால் விழும் இருள் ஒரே அகலமுள்ள நீண்ட குழாய்போலப் பல பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறது. நாம் அந்தக் குழாயின் தலைவாயிலில் நின்று அதனுடைய நீளவாட்டிற் பார்க்கிறோம். வட்டவளைப் புகையிரத நிலைய மேடையின் விளிம்பில் நின்று நேராகச் செல்லும் தண்டவாளத்தைப் பார்த்த குழந்தைக்கு மிச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை: ஐந்தரை அடி இடைவெளி மாறாமல் ஓடும் இரண்டு இரும்புகளும் தூரத்தில் ஒன்றாகக் கூடுவதைப்போலவே, நிழலின் இரு கரைகளும் கூடுகின்றன. அது எழுந்து நிற்பதாகத் தோன்றுவது, நிலத்தின்மேல் விழவேண்டிய நிழல் இடையிலே மிதந்துவரும் பனிப்படலத்தின்மேல் விழுவதனால். ஓரத்தில் நிற்காத மலைக்கு இந்த நாடகம் வாய்க்காது. அதன் நிழல் எதிர்மலையின் மார்பில் மோதிச் சிதறிவிடும்.

இனி மலை எதனால் ஆனது என்று பார்ப்போம். இலங்கையின் நடுநிலப் பாறைகள் உயிர்வகைகள் தழைப்பதற்கு வெகுகாலம் முந்தியவை. அவற்றின் மூலப்பொருளுக்கு இருநூறு கோடி ஆண்டளவு வயது சொல்வர். ஐம்பத்தைந்து அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்னும் பெருநிலம் உருவானபோது, இவை பூமியின் அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தப்பட்டு, 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, உருமாறின. இத்தொகுதியிற் பரவலாகக் காணப்படும் ஒருவகைக் கரும்பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். அப்பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தாவை நிறுவியவர் எனப்படும் யோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்னும் பூகர்ப்ப அறிஞர், அது சென்னைக்கருகே பரங்கிமலையிலுள்ள பாறையோடு ஒத்திருக்கக் கண்டு, புதைந்தவரின் பெயரையே கல்லுக்கு இட்டார். பரங்கிமலைப் பாறைக்கும் நமது மலைநாட்டுப் பாறைக்கும் இடையே கடல் வந்து புகுந்தது நேற்றைய சம்பவம். கன்னியாகுமரி, கேரளம், மடகாஸ்கர், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகிய இடங்களிலும் இவ்வினத்துப் பாறைகளைக் காணலாம். உடைந்த பானையின் ஓடுகளைப் பொருத்துவதுபோல் அறிஞர் இவற்றைப் பொருத்திப் பார்க்கின்றனர்.

ஆழத்திலே வெந்த பாறை மேலே வந்து வெயிலையும் மழையையும் காண்பதற்கு, அதன்மேலிருந்த இருபது கிலோமீட்டர்க் கனமும் தேய்ந்து போகவேண்டும். அப்படித் தேய்ந்து போனதில் கரையாமல் எஞ்சியவை நீலம், புஷ்பராகம், வைடூரியம் முதலிய கடினக் கற்கள். ஆறுகள் அவற்றை உருட்டிச் சென்று இரத்தினபுரிப் பள்ளங்களில் ‘இல்லம்’ என்று சிங்களத்தில் வழங்கும் சரளைப் படுகையில் வைத்தன. இரத்தினபுரி என்ற பெயரே மலையின் தேய்மானத்துக்குக் கிடைத்த விருது எனலாம். தீவின் நிலவமைப்பில் மூன்று படிகள் இருப்பதைக் கனடா நாட்டு அறிஞர் பிராங்க் டாசன் ஆடம்ஸ் 1929இல் எடுத்துக்காட்டினார். 1940களில் இலங்கை அரசின் கனியியலாளராகப் பணியாற்றிய டி. என். வாடியா, அவை தேய்ந்து உண்டானவை அல்ல, பிளவுகளின் வழியே நிலத்துண்டங்கள் மேலே தள்ளப்பட்டதன் பயன் என்று வாதித்தார். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பாறையை விடுத்து மழைக்கு வருவோம். வட்டவளைக்காரனுக்கு அதுவே நெருங்கிய விஷயம். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று சமுத்திரத்தின்மீது பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, நீராவியை நிறைத்துக்கொண்டு மேற்குக் கரையை அடைகிறது. இருபத்தேழு பாகை வெப்பமுள்ள காற்று, கன மீட்டர் ஒன்றில் இருபத்தைந்து கிராமளவு நீராவியைத் தாங்கவல்லது. பன்னிரண்டு பாகைக்குக் குளிர்ந்தால் பத்துப் பதினொரு கிராமுக்கு மேல் அதனால் தாங்க இயலாது. எழுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள மதில் குறுக்கிடவே, காற்று மேலே ஏறுகிறது, ஏறினால் விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது, சுமக்க முடியாத பாரத்தை வழியிலேயே இறக்கி வைக்கிறது. அந்த இறக்குமிடம் மலையின் உச்சியன்று. நீராவியின் பெரும்பகுதி காற்றின் அடித்தட்டிலேயே இருப்பதனால், மேற்குச் சரிவின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், மழை அதிகமாகக் கொட்டுகிறது. வட்டவளை இருப்பது சரியாக அந்த உயரத்தில்.

இலங்கையில் அதிக மழை பெறும் ஊர்களைச் சொல்லும் பாடநூல்கள் வட்டவளையை விடுவதில்லை. ஆண்டொன்றுக்கு அங்கே விழுவது சராசரி ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல். கொழும்பிலோ இதிற் பாதியளவு. மலையின் மறுபக்கத்திலுள்ள நுவரெலியாவில் 1,900ஐ ஒட்டியே. ஒரு சதுர மீட்டரில் விழும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லீற்றர் நீர். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஆண்டுக்கு ஐந்து தொன். தோட்டக் கணக்குப்படி ஓர் ஏக்கர் மலையில் இருபதினாயிரம் தொன். கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுத்த நமது தாய்மாரின் முதுகின்மேல் விழுந்த பங்கு எவ்வளவு என்பதை எந்த வானிலை நிலையமும் கணக்கிட்டதில்லை.

சரக்கை இறக்கிவிட்ட காற்று, மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் காற்று என்பர். வட்டவளையில் லயத்துக் கூரையின்மேல் ஓயாமல் மழை அடிக்கும் அதே ஆடி மாதத்தில், மட்டக்களப்பில் வாயை உலர்த்தி, வயலை வெடிக்க வைக்கும் அனற்காற்று. இரு ஊரிலும் வீசுவது ஒரே காற்று என்று சொன்னால் இரு ஊராரும் நம்பத் தயங்குவர்.

இம்மழை மண்ணுக்குள்ளே செய்யும் வேலையையும் வட்டவளை அறியும். ஹட்டன் வரையிலான புகையிரதப் பாதை, நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில், 1884இல் திறக்கப்பட்டது. அதற்காக வெட்டிய சரிவுகளெல்லாம் பாறைமேல் திரண்ட தளர்ந்த மண்ணிலும் உருண்டைக் கற்களிலும் ஆனவை. 1990களின் தொடக்கத்தில் ஊருக்கருகே பாதையின் அடியிலுள்ள நிலமே மெல்ல மெல்ல நழுவத் தொடங்கி, தண்டவாளத்தையும் கூட இழுத்துச் சென்றது. சுவர் எழுப்பி அந்த மண்ணைத் தடுக்க இயலாது. காரணம் உள்ளே நிறைந்த நீர். சரிவினுள்ளே நீளத் துளையிட்டு நிலத்தடி நீரை வடித்த பின்னரே அது அடங்கிற்று.

யாத்திரைப் பருவம் என்று நாம் சொல்வதும் இந்த மழையின் மறுபக்கமே. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடியும் அந்த ஐந்து மாதமும், தென்மேற்குக் காற்று ஓய்ந்து, விடியற்காலைகள் தெளிந்திருக்கும் காலம். அது முடிந்ததும் படிகளிலுள்ள விளக்குகள் அணைகின்றன. சிகரம் மேகத்துள் மறைகிறது. வானிலைத் திணைக்களம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த எல்லையை வகுத்தவர்கள் சாமானியமான அவதானிகள் அல்லர். வட்டவளையை உள்ளடக்கிய அம்பகமுவைப் பிரதேசத்திலேயே, பதினோராம் நூற்றாண்டில் சோழரை வென்று ஆட்சிக்கு வந்த முதலாம் விஜயபாகு வெட்டுவித்த பாறைச் சாசனம் ஒன்று இருக்கிறது. மலைக்குச் செல்லும் வழிகளில் யாத்திரீகருக்கு உணவளிக்கக் கிராமங்களை மானியமாக விட்டதை அது கூறுகிறது. தாழ்ந்த குலத்தவராகக் கருதப்பட்டோர் நின்று வணங்குவதற்கு அடிச்சுவட்டுக்குக் கீழே தனி மேடை கட்டியதையும் அதே மூச்சிற் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாலைவசதியும் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வேலியும் ஒரே கல்லில்.

விழுந்த மழை எங்கே போகிறது? இதற்கு விடை வீட்டுக்கூரையில் இருக்கிறது: முகட்டின் இப்புறம் விழுந்த துளி முன்வாசலுக்கும், அப்புறம் விழுந்தது கொல்லைக்கும் போகும். சிவனொளிபாதத்தின் தென்மேற்குச் சரிவில் விழுவது களு கங்கையாகி, 129 கிலோமீட்டர் ஓடி, களுத்துறையிற் கடல் சேர்கிறது. வடசரிவில் விழுவது மஸ்கெலி ஓயாவாகி, கெஹெல்கமு ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகி, 145 கிலோமீட்டரில் கொழும்பை அடைகிறது. மலைத்தொடரின் கிழக்குப் பாகத்தில் விழுவது வளவை கங்கையாகித் தென்கரைக்குச் செல்கிறது. வட்டவளையில் விழுவதோ இம்மூன்றிலும் சேராது. ஹட்டனையும் வட்டவளையையும் ஒட்டியோடும் நீர் மகாவலியின் தலைநீர். நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி என்று சுற்றி, 335 கிலோமீட்டர் நடந்து, திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மேற்குக் கடலிலிருந்து வந்த ஒரே மேகம் இரண்டு துளிகளைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் விட, ஒன்று மறுநாளே தான் வந்த கடலுக்குத் திரும்பலாம். மற்றது தீவின் குறுக்கே நடந்து கிழக்குக் கடலைப் பார்க்கிறது. கினிகத்தேனைக் கணவாயில் தேநீர் குடிக்க இறங்கும் பிரயாணி, தான் நிற்பது இரண்டு நதிகளின் முகட்டில் என்பதை அறிந்து குடிப்பதில்லை.

களனியின் தலைநீரில் உள்ள வீழ்ச்சிகளை மின்சாரமாக்கலாம் என்று 1918இலேயே எழுதிக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவருடைய கனவு லக்ஷபானவில் 1950இல் ஒளிவிட்டது. பின்னர் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீயும், மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலையும் எழுந்தன. மவுசாக்கலை நீரின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வறட்சியில் நீர் வடிந்தால் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து மேலெழுகின்றன. பழைய கடைத்தெருவில் நடந்தவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுகிறார்கள்.

சிகரத்தைச் சுற்றி இன்றும் எஞ்சியிருக்கும் காட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக்காக மலைநாடு முழுவதும் வெட்டி எரிக்கப்பட்டு, 1869இல் தோன்றிய இலைத்துருநோய் அக்கோப்பியை அழித்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இலண்டன் கியூ தாவரப்பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று 1873இல் ஆலோசனை கூறினார். நீரூற்றுக்கள் வறண்டால் தோட்டமும் வறளும் என்ற தோட்டக்காரக் கணக்கு அதற்குத் துணைநின்றது. மரத்தின்மேற் கொண்ட தயை என்று நான் நம்பவில்லை. எவ்வாறாயினும் காடு பிழைத்தது. 1940இல் சிகரத்தைச் சூழ்ந்த இருநூற்றிருபது சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நிலம் சரணாலயமாயிற்று. 2010இல், ஹோர்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்ந்து, உலக மரபுரிமையாயிற்று.

அக்காட்டில் என்ன இருக்கிறது என்பது இன்னமும் முடிவாகவில்லை. 1853இல் கெலார்ட் என்னும் மருத்துவர், உடலில் நட்சத்திரம்போல் புள்ளிகளிட்ட ஒரு மரத்தவளையை விவரித்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை ஒருவரும் காணவில்லை. அழிந்த இனங்களின் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. 2009இல் இச்சிகரத்துக் காட்டில் அது உயிரோடு அகப்பட்டது. இதே காட்டிலிருந்து, அறிவியலுக்கே புதியவையான எட்டு மரத்தவளை இனங்கள் 2013இல் ஒரே ஆய்வுக்கட்டுரையில் வெளிவந்தன. இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் ஏறியிறங்கும் படிக்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெயரில்லாத பிராணிகள் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. இவற்றுட் பல தலைப்பிரட்டைப் பருவத்தை நீரிற் கழிப்பதில்லை. ஈரமண்ணிலிட்ட முட்டையிலிருந்தே தவளைக்குஞ்சாக வெளிவருகின்றன. காற்றே நீராக நிற்கும் மலையில் குளத்துக்கு என்ன அவசியம்?

இத்தனை மழை இத்தனை காலம் அடித்தும் மலை ஏன் கரைந்து போகவில்லை? இதற்கு விடையை ஆற்று மணலில் தேடலாம். அண்டவெளியிலிருந்து ஓயாது பொழியும் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பிலுள்ள குவார்ட்ஸ் மணலில் பெரிலியம்-10 என்னும் அணுவை மிகச் சிறிதளவில் உண்டாக்குகின்றன. ஆற்று மணலில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அம்மணல் எத்தனை காலம் வெளிச்சத்தில் இருந்து தேய்ந்தது என்பது தெரியும். மேல் மகாவலிப் பிரதேசத்தில் இவ்வாறு அளந்தவர்கள், இயற்கைக் காட்டின்கீழ் நிலம் தேய்வது ஆயிரம் ஆண்டுக்கு ஐந்து முதல் பதினொரு மில்லிமீட்டர் மாத்திரமே என்று கண்டு வியந்தனர். இபுனு பதூதா வந்துபோன நாள் முதல் இன்றுவரை, காட்டு நிலம் இழந்த கனம் ஒரு சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்கு மேலிராது. வேரும் சருகும் மழையின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் உழுதும் வெட்டியும் பயன்படுத்தும் சரிவுகளில், மண் உருவாவதைக் காட்டிலும் பத்து முதல் நூறு மடங்கு வேகத்தில் மண் கழுவிச் செல்கிறதென்பதும் அதே ஆய்வின் முடிவு.

இந்த வேறுபாட்டைக் காண அளவுகருவி தேவையில்லாத ஓர் இடம் உண்டு. நல்லதண்ணியிலிருந்து படியேறும் வழியில் சீத கங்குல என்னும் ஓடை குறுக்கிடுகிறது. முதல் யாத்திரை வந்தவர்கள் அதில் முகங்கழுவி, எலும்பை நடுக்கும் குளிரில் முழுகி, மேலே செல்வது வழக்கம். காட்டுக்குள்ளிருந்து வரும் அந்நீர், இரவு முழுவதும் மழை கொட்டிய காலையிலும் அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணலாம்படி தெளிந்திருக்கும். அங்கிருந்து திரும்பிப் பேருந்தில் மஸ்கெலியாவுக்கு வரும்போது, நிரைகளுக்கிடையே இறங்கும் ஒவ்வொரு கானும் தேநீர்ச் சாயம்போலச் சிவந்து பாலங்களின் அடியில் ஓடுவதைக் காணலாம். இரண்டும் போய்ச் சேருவது மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கே; சேருமிடத்தில் சிறிது தூரம் வரைக்கும் கலவாமல், தெளிவு ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமுமாக நீண்டு கிடக்கும்.